காவல் ஏட்டிலா, வாயிலிலா?

வாயிலில் காவல் நிற்க வேண்டும் என்று கட்டளை இருப்பது ஒன்று. வாயிலில் காவல் நிற்பது மற்றொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதும் உண்டென்று சாதிப்பது ஆட்சிபீடங்களின் பழைய வழக்கம். அவ்வழக்கம் இன்று கணினிக்குள்ளும் குடியேறிவிட்டது. ஆதலினாலேதான், பொறியியலாளர் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு பொருளை இவ்வாரம் அரசியல் ஏட்டின் பக்கத்திற்குக் கொண்டுவருகிறோம்.

பொருள் இதுதான். மக்களின் பதிவுகளைத் தாங்கி நிற்கும் கணினிகளின் தலைவாயிலில் ஒரு கருவி உண்டு. அக்கருவி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று கட்டளைகள் எழுதப்படுகின்றன. அக்கட்டளைகள், அனுமதிச் சோதனை அங்கே உண்மையாகவே இயங்குகிறதா என்று முதலில் கேட்கின்றனவா? அன்றி, இயங்குகிறது என்று எண்ணிக்கொண்டு கதவைத் திறந்து விடுகின்றனவா? கேள்வி சிறிது. ஆயினும் யட்டியாந்தோட்டை இரப்பர் மலையில் பால் வெட்டும் தாய்மாரின் வாழ்வு இக்கேள்வியோடு பிணைந்திருக்கிறது. எவ்வாறு என்பதைச் சொல்கிறோம்.

மலையகத் தமிழருக்கு வாயிற்காவலைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக விரும்பிய தொழிலாளியிடம் ஒருகாலத்தில் ‘துண்டு’ கேட்டார்கள். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்போம் என்று துரைமார் எழுதிக் கொடுத்த சீட்டு அது. துண்டில்லாதவனை எந்தத் தோட்டமும் பேர் பதியாது. 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது. ஒழிந்த பின்னரும் நமக்குக் காகிதத்தின் தொல்லை ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் இத்தீவில் இடையறாது வாழ்ந்ததாக மெய்ப்பிக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்டது. மெய்ப்பிக்கும் பாரம் கூலி வாங்கிப் பிழைத்தவன் தலையில் விழுந்தது. ஏதாவதொரு காகிதம் குறைந்தது என்பதற்காகக் குடும்பங்கள் நாடற்றுப் போயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகக் கொண்டு பேரம் பேசியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னொரு நாளுக்கு! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் இவ்விவகாரம் இழுபட்டது.

அன்று வாயிற்காவல் நம்மை உள்ளே விடாமல் தடுப்பதற்காக நின்றது; அது உறங்கியதே இல்லை. இன்று நம்முடைய பதிவுகளை அந்நியர் கை படாமல் காப்பதற்கு ஒரு காவல் வேண்டியிருக்கிறது. இந்தக் காவலாவது விழித்திருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஏனெனில், நம் வீட்டுச் செய்திகளெல்லாம் இப்போது கணினியில் ஏறிவிட்டன. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தின்போது கியூஆர் அட்டைக்காக நாடே தன் அடையாள இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பதிந்தது. 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்தின் வருமானம் என்ன, வீடு எத்தகையது, உடைமை யாது, நோயாளி உண்டா என்பன கணக்கெடுக்கப்பட்டன. இந்தியாவின் நிதியுதவியோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமும் தொடங்கப்பட்டது. விரல் ரேகை, கண்ணின் மணி, முகம் ஆகியவற்றைப் பதிவதே அதன் ஏற்பாடு. காகிதம் ஒன்று தொலைந்தால் பிரதி எடுக்கலாம். விரல் ரேகை களவு போனால் வேறு விரல் வாங்க முடியுமா?

இனிக் கருவியைப் பற்றிச் சொல்லுவோம். ஆங்கிலத்தில் லோட் பேலன்சர் என்பர். சுமைபகிர் கருவி என்று நாம் சொல்லலாம். தோட்டத்தார்க்கு இதை விளக்குவது எளிது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். இத்தனை பேர் இந்த மலைக்கு, இத்தனை பேர் அந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை பிரித்தனுப்புகிறார். ஒரே மலையில் எல்லோரும் குவிந்துவிடாமல் வேலை நடக்கிறது. அதுபோலவே இக்கருவியும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஓர் அரசாங்கச் சேவையை நாடினால், அவ்வேண்டுகோள்களைப் பின்னாலுள்ள பல கணினிகளுக்கு அது பிரித்தனுப்புகிறது.

எல்லோரும் அவ்விடத்தைக் கடந்தே போக வேண்டியிருப்பதால், சோதனையையும் அங்கேயே வைத்துவிடுவது வழக்கமாயிற்று. வருபவர் யார், அனுமதி பெற்றவரா, எந்த அறை வரை போகலாம் என்பதைத் தலைவாயிலிலேயே பார்த்துவிடுகிறார்கள். பின்னாலிருக்கும் கணினிகளோ, வாயிலைக் கடந்து வந்தவர் சோதிக்கப்பட்டவரே என்று நம்பிக் கதவைத் திறந்து வைத்திருப்பதுண்டு. ஆகவே வாயிற்சோதனை நின்றுபோனால் வீடு முழுவதும் திறந்த வீடே.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரே கருவியில் பல வாயில்கள் உண்டு: பொதுமக்களுக்கு ஒன்று, உத்தியோகத்தருக்கு ஒன்று, பிற திணைக்களங்களுக்கு ஒன்று என்று. எல்லா வாயில்களுக்கும் பொதுவாக ஒரு கட்டளைத்தொடரை, அதாவது ஸ்கிரிப்ட்டை எழுதிப் பொருத்துவார்கள். அதை எழுதியவர், ‘சோதனையில் தேறியவரை இன்ன அறைக்கு அனுப்புக’ என்று எழுதியிருப்பார். அவர் எழுதிய நாளில் எல்லா வாயிலிலும் சோதனை இருந்தது. பின்னொரு நாளில் அவசரமாகப் புதியதொரு வாயில் திறக்கப்படுகிறது. பழைய கட்டளைத்தொடரை அதற்கும் மாட்டிவிடுகிறார்கள்; சோதனையை மாட்ட மறந்துவிடுகிறார்கள். இப்போது என்ன நிகழும்?

கட்டளைத்தொடர் நேர்மையாக எழுதப்பட்டிருந்தால், இல்லாத காவலாளியைத் தேடித் தடுமாறி, வந்தவரின் தொடர்பை அறுத்துவிடும். சேவை நின்றுபோகும். தொலைபேசி மணி அடிக்கும். மேலிடத்திலிருந்து கண்டனம் வரும். அந்த நெருக்கடியில் ஒருவர், பிழை வந்தாலும் பொருட்படுத்தாமல் மேலே செல்லுக என்று ஒரு வரியைச் சேர்ப்பார். சேவை உடனே உயிர்பெறும், எல்லோரும் மகிழ்வர். அந்த ஒரு வரியால், சோதிக்கப்படாதவனும் சோதிக்கப்பட்டவனும் ஒன்றாகிவிட்டார்கள் என்பதை எவரும் காணார். கதவு திறந்து கிடப்பதைக் கண்டு எவரும் முறையிடுவதில்லை. மூடிய கதவைப் பற்றித்தான் முறைப்பாடு வரும்.

ஆகவே அறிவுடைய கட்டளைத்தொடர் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது: சோதனை செய்யும் பகுதி இக்கருவியில் நிறுவப்பட்டிருக்கிறதா? இரண்டாவது: நிறுவப்பட்ட சோதனை, இந்தக் குறிப்பிட்ட வாயிலோடு இணைக்கப்பட்டிருக்கிறதா? மூன்றாவது: இணைக்கப்பட்ட அச்சோதனையில், இப்போது வந்து நிற்கும் இந்த ஆள் தேறினாரா? எஃப்-5 நிறுவனத்தின் பிக்-ஐபி கருவியில் இம்மூன்றும் மூன்று தனித்தனி நிலைகள். ஒன்று உண்டு என்பதால் மற்றொன்று உண்டு என்றாகாது. மூன்றில் எதற்கேனும் ‘ஆம்’ என்ற விடை கிடைக்காவிட்டால் கதவு மூடியே இருக்க வேண்டும்.

பரவலாக வழங்கும் என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருளிலும் இத்தகைய பொறியொன்று உண்டு. யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்ற முகவரி விதிகளை வெளிவாயிலுக்கு எழுதினால், அவை உள்ளறைகளுக்கும் இறங்கும். ஆனால் உள்ளறை ஒன்றுக்கு அத்தகைய விதி ஒன்றைத் தனியே எழுதிவிட்டால், வெளிவாயிலின் விதிகள் அவ்வறைக்கு இறங்குவதில்லை. மேலதிகக் காவல் போட்டதாக எண்ணியவர், இருந்த காவலையும் நீக்கியவராகிறார்!

சட்டம் பயின்றோர்க்கு இம்மூன்று கேள்விகளும் புதியனவல்ல. சட்டமொன்று நிறைவேறியதா? அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கட்டளை வர்த்தமானியில் வெளிவந்ததா? நடைமுறைக்கு வந்த சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்துமா? நீதிமன்றத்தில் நாள்தோறும் நாம் கேட்கும் கேள்விகள் இவையே. இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. நம் பதிவுகளைக் காக்கவென்று வந்த சட்டமே உதாரணம்!

2022 மார்ச்சில் ஆட்களின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிற்று. மேடையெங்கும் அதன் பெருமை பேசப்பட்டது. மேற்பார்வை செய்யும் அதிகாரசபை பற்றிய பகுதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. மக்களுக்கு உரிமையும் நிறுவனங்களுக்குக் கடமையும் விதிக்கும் மூலப்பகுதிகளோ 2025 மார்ச் 18ஆம் நாள் நடைமுறைக்கு வரும் என்று நாள் குறிக்கப்பட்டது. அந்நாள் வருமுன்பே அது பின்தள்ளப்பட்டது. மூன்றாண்டுக் காலம் சட்டம் ஏட்டில் இருந்தது. காவல் வாயிலில் இல்லை. அந்த மூன்றாண்டுக்குள்ளேதான் எரிபொருள் அட்டையும் அஸ்வெசும கணக்கெடுப்பும் நம் வீட்டு வாசலுக்கு வந்தன. முதற்கேள்விக்கு விடை ‘ஆம்’. இரண்டாவது கேள்விக்கு விடை ‘பொறுங்கள்’. கட்டளைத்தொடரிலே நிகழும் பிழை பாராளுமன்றத்திலும் நிகழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நிற்க. இது வெறும் கற்பனைப் பயம் என்பாரும் உளர். அவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லுவோம்.

2022 மே 4ஆம் நாள், மேற்சொன்ன எஃப்-5 நிறுவனம் தன் பிக்-ஐபி கருவியில் ஒரு குறைபாட்டை வெளிப்படுத்தியது. அபாயத்தின் அளவு 10க்கு 9.8. கருவியை நிருவகிப்போர்க்கான வழியில் இரண்டு காவலர் நின்றனர். வருபவர் கையில் அடையாளச் சீட்டு இருந்தால், ‘இதை உள்ளே இருப்பவன் சோதிப்பான்’ என்று முன்னவன் விட்டுவிடுவான். சீட்டில்லாமல் ஒருவர் உள்ளே வந்து நின்றால், ‘முன்னவன் கடவுச்சொல்லைப் பார்த்தே விட்டிருப்பான்’ என்று பின்னவன் நம்புவான். வஞ்சகன் என்ன செய்தான்? முன்னவனிடம் சீட்டொன்றைக் காட்டினான். இருவர்க்கும் இடைவழியில் அச்சீட்டு உதிர்ந்துபோகும்படி ஒரு குறிப்பையும் உடன் வைத்தான். உள்ளே சென்றபோது சீட்டு இல்லை. நிருவாகி என்ற பெயர் மாத்திரம் இருந்தது. இரு காவலர் நின்ற வாயிலில் எவராலும் சோதிக்கப்படாமலே ஒருவன் நிருவாகியாகப் புகுந்துவிட்டான். செய்தி வெளியான சில நாட்களுக்குள் உலகெங்கும் அவ்வழியே தாக்குதல் தொடங்கிற்று. திணைக்களத்துக்குத் திணைக்களம் பொறுப்பைத் தள்ளுவதைக் கச்சேரிப் படிகளில் கண்டு பழகிய நமக்கு, இக்கதை அந்நியமாகத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு, 2023 அக்டோபரில், சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்ஸ்கேலர் கருவியில் மற்றொரு குறை வெளிப்பட்டது. சோதனையில் தேறியவர்க்குக் கருவி கொடுக்கும் சீட்டுக்களை அதன் நினைவகத்திலிருந்தே களவாட முடிந்தது. நம் முன்னோர் மொழியிற் சொன்னால், பிறர் துண்டைத் திருடிக் கொண்டுபோய்ப் பேர் பதிவது போல. சீட்டு உண்மையானது, கொண்டுவந்த ஆள்தான் பொய். கடவுச்சொல்லும் பயன்படவில்லை, இரண்டாம் அடுக்குச் சோதனையும் பயன்படவில்லை. குறையைத் திருத்திய பின்னரும், முன்பு களவுபோன சீட்டுக்கள் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தன. நடப்பிலிருந்த எல்லாச் சீட்டுக்களையும் செல்லாதாக்கினாலன்றித் திருடன் வெளியேறான் என்ற நிலை. போயிங் போன்ற மாபெரும் நிறுவனமே இதற்கு இலக்கானது. போயிங்குக்கே அந்தக் கதியென்றால், நம் கிராம உத்தியோகத்தர் பதிந்துவைத்த பட்டியலுக்கு யார் காவல்?

நம் நாட்டின் அனுபவத்தையும் மறத்தலாகாது. 2023 ஆகஸ்டு மாதத்தில் இலங்கை அரசாங்க மேகக் கணினி கப்பம் கேட்கும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையான கடிதங்கள் மீளக் கிடைக்கவில்லை. அக்காலத்துக்கான பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. மென்பொருளும் காலங்கடந்தது. இது வாயிற்சோதனையைப் பற்றிய வழக்கன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் நோயின் மூலம் ஒன்றே. பிரதி இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். இருக்கிறதா என்று பார்த்தவர் இல்லை. மூன்று மாதத்துக்கும் மேலாக எவரும் பாராதிருந்த ஒரு வெற்றிடத்தைத் தாக்கியவன் வந்தே காட்ட வேண்டியதாயிற்று.

இனி ஓர் எதிர்வாதத்துக்கும் விடை சொல்ல வேண்டும். ‘ஐயம் வந்தால் கதவை மூடு என்கிறீர்களே, மூடிய கதவின் முன் நிற்பவர் உங்கள் தோட்டத் தொழிலாளியல்லவா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காகிதம் குறைந்ததென்று கதவடைத்த சட்டத்தால் வதையுண்டவர் நாம். ஆகவே நம் கோரிக்கை இரண்டு கால்களில் நிற்கிறது. சோதனை இயங்குகிறதா என்று தெரியாதபோது பதிவுகளின் வாயில் மூடியிருக்க வேண்டும். அதே வேளையில், கருவியின் கோளாறுக்காக எந்த ஏழையின் உதவிப்பணமும் நிற்கக்கூடாது. கருவி மறுத்த நாளில் பிரதேச செயலகத்தில் மனிதர் ஒருவர் இருந்து, காகிதத்தைப் பார்த்து, காரணத்தைத் தமிழில் சொல்லி, காரியத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதுவும் ஏட்டோடு நின்றுவிடலாகாது. காவலின் பாரம் காவல் வைத்தவனுடையது. வெயிலில் வந்து நிற்பவள் அதைச் சுமக்கலாகாது.

நாம் செய்யக்கூடியது என்ன? முதலில் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கதவு பூட்டியிருக்கிறதா என்று தாமே தள்ளிப் பார்க்க எவரும் முற்படவேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவது குற்றம். நல்லெண்ணத்தோடு நுழைந்தேன் என்று சொல்லி நீதிமன்றத்தில் தப்பிவிடலாம் என்று எவரும் எண்ணவேண்டாம்.

நமக்கு நேரிய வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரஜை ஒவ்வொருவருக்கும் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தம் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். ‘பிரஜை’ என்ற அச்சொல்லை நம் மக்கள் எத்தனை ஆண்டு காத்திருந்து பெற்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பெற்ற உரிமையைப் பெட்டியிற் பூட்டி வைப்பதற்காகவா பெற்றோம்?

கடவுச்சொல் என்ன, கட்டளைத்தொடர் யாது என்று நாம் கேட்கப்போவதில்லை. அவை மறைவாயிருக்க வேண்டியவை. நாம் கேட்க வேண்டியவை நான்கே. எங்கள் பதிவுகள் இருக்கும் கணினிகளின் ஒவ்வொரு வாயிலிலும் அனுமதிச் சோதனை இணைக்கப்பட்டுள்ளதா என்று கடைசியாக எந்த நாளில் சோதித்தீர்கள்? அனுமதிச்சீட்டில்லாத வேண்டுகோள் ஒன்றை வெளியிலிருந்து அனுப்பிப் பார்த்தீர்களா, ஏட்டை மட்டும் பார்த்தீர்களா? கட்டளைத்தொடர் மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் அச்சோதனை மீண்டும் நடக்கிறதா? சோதனை நின்றுபோனால் கதவு தானாக மூடிக்கொள்ளுமா, திறந்துகொள்ளுமா? இவற்றுக்கு விடை சொல்வதால் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு வாராது. விடை சொல்ல முடியாமல் இருப்பதே பாதுகாப்புக்கு ஊறு.

யட்டியாந்தோட்டைத் தோட்டக் கமிட்டிகளுக்கும், களனி கங்கைக் கரையோரத்து லயங்களில் படித்துவரும் இளைஞர் யுவதிகளுக்கும் இந்த வேலையை ஒப்படைக்கிறோம். ஆளுக்கொரு தாளை எடுங்கள். நான்கு கேள்விகளையும் தமிழில் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்குங்கள். வரும் விடைகளை இப்பத்திரிகைக்கு அனுப்புங்கள். வராத விடைகளையும் நாளோடு குறித்து அனுப்புங்கள். எத்தனை வாயிலில் காவல் நிற்கிறது என்பதை நாடு எண்ணிப் பார்க்கட்டும்.